சின்ன கிராமம், கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை: ஊர் வரலாறு எழுத எங்கிருந்து தொடங்குவது?

பாலாறு_77 (கேள்வி)

வணக்கம். உத்திரமேரூருக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். 280 தலைக்கட்டு, ஒரு ஏரி, சிறிய பெருமாள் கோயில், திரௌபதி அம்மன் கோயில், வாய்க்காலைத் தாண்டினால் காலனி. அடுத்த ஆடிக்குள் ஊர் வரலாற்றை 80 பக்கப் புத்தகமாகக் கொண்டுவருவதென்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில்.

இப்போதைக்குக் கையில் இருப்பது மூன்று. "சோழர் காலத்து ஊர்" என்று எல்லோரும் சொல்லும் பேச்சு. குடவோலை பற்றி இணையத்தில் எடுத்த 3 பக்கம். பழைய கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஒரு கட்டுக் காகிதம். எல்லாம் தமிழ் எண்களில் இருப்பதால் பாதி புரியவில்லை. பெருமாள் கோயில் அடித்தளக் கல்லில் எழுத்து மாதிரி ஏதோ தெரிகிறது, ஆனால் மேலே வெள்ளையடித்திருக்கிறார்கள்.

எந்த ஆபீசில் எதைக் கேட்பது, எதில் ஏமாறுவோம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கப்பிள்ளை (பதில்)

அந்தக் குடவோலை 3 பக்கத்தை முதலில் ஓரமாக எடுத்து வையுங்க. அது உங்க ஊர் வரலாறு இல்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகள் இரண்டு, 919இலும் 921இலும் வெட்டியவை. அவை பேசுவது ஒரு சதுர்வேதிமங்கலத்தின், அதாவது பிராமணர்க்குக் கொடுத்த ஊரின், சபையைப் பற்றி. 30 குடும்பு (வார்டு மாதிரி), கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்), சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு என்பதெல்லாம் பிராமணர் ஊருக்கான தகுதி. வேளாளர் ஊரில் கூடியது 'ஊர்', வணிகர் ஊரில் 'நகரம்'. பக்கத்து ஊர் என்பதற்காக அதன் சட்டத்தை உங்க ஊருக்கு மாட்டிவிட்டால் விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்க. சோழனிலிருந்து முன்னோக்கி வந்தால் நடுவில் 800 வருஷம் காலியாகக் கிடக்கும், அந்த இடத்தைக் கதைதான் நிரப்பும்.

முதல் வேலை கிராம நிர்வாக அலுவலரிடம். கேட்க வேண்டியது 'அ' பதிவேடு (சர்வே எண்வாரியாக நில விவரம் எழுதியது), கிராம வரைபடம், புலப்படங்கள் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவுப் படம்). பட்டாதாரர் பெயர்களை விட்டுவிட்டு 'அ' பதிவேட்டில் புறம்போக்குகளை மட்டும் தனியாக எழுதுங்க. ஏரி, வாய்க்கால், களம், மந்தைவெளி, வண்டிப்பாதை, தோப்பு, மயானம், குட்டை என்று ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடும் பரப்போடும் வரும். ஊர் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் காகிதம் கிடையாது. களம் புறம்போக்கு 2 இடத்தில் தனித்தனியாக இருந்தால் ஏன் என்று கேளுங்க. மயானம் எத்தனை, யாருக்கு எது, அங்கே போகும் பாதை பதிவேட்டில் உண்டா என்று பாருங்க. மந்தைவெளி என்று பதிவாகியிருக்கும் இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்பதே ஒரு அத்தியாயம்.

ஒரே ஒரு 'அ' பதிவேட்டோடு நிறுத்திவிடாதீங்க. இப்போது புழக்கத்தில் இருப்பது 1979 முதல் 1987 வரை நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிந்தையது. சர்வே எண், உட்பிரிவு, பெயர் எல்லாவற்றிலும் அப்போது புகுந்த பிழைகள் ஏராளம். அதற்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் தேடிப் பிடிங்க. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்காவிட்டால் மாவட்ட ஆவண அறை, அங்கேயும் இல்லாவிட்டால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். வாய்வார்த்தையாகக் கேட்டால் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டி, கிராமத்தின் பெயர், எண், வட்டம், எந்தப் பதிவேடு என்று குறிப்பாகக் கேளுங்க. "என் ஊர் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது.

ஆவணக் காப்பகத்தில் இரண்டைப் பாருங்க. ஒன்று, 1860களில் எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், அதாவது மானிய நிலப் பதிவேடு. கோயில் மானியம், தச்சன் மானியம், குயவன் மானியம், வண்ணார், நாவிதர், வெட்டியான் மானியம் எல்லாம் எவ்வளவு, யார் கொடுத்தது, எதற்காக என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். இன்னொன்று உங்க பகுதிக்கென்றே வாய்த்தது: பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் (கம்பெனிக்குக் கிடைத்த சீமை) ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊருக்கு எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், எவ்வளவு நிலம், மானியம் எவ்வளவு என்று இருக்கும். ஆங்கிலச் சுருக்கம் ஆவணக் காப்பகத்தில். ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் படுமோசமாக இருக்கும். பெயரை வைத்துத் தேடாதீங்க, சுற்றியுள்ள 5 ஊர்களின் வரிசையை வைத்துத் தேடுங்க.

மாவட்டக் கையேடு என்றால் செங்கல்பட்டுக்கு குரோல் எழுதியது, 1879. அதில் உங்க ஊர் பெயரே வராது. மிராசு (பரம்பரை நில உரிமை), பாயகாரி (மிராசு இல்லாத குடியானவர்), ஏரிப் பாசனம் பற்றிய பின்னணிக்கு மட்டும் பயன்படும்.

கணக்குப்பிள்ளை கட்டைப் பற்றி: 1980 நவம்பரில் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தபோது ஒப்படைக்காமல் வீட்டிலேயே தங்கிப்போனவை இப்படிப் பல ஊரில் உண்டு. எலி தின்பதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஓரத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்க. லேமினேட் செய்யவே கூடாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப்பும் ஒட்டாதீங்க, பத்து வருஷத்தில் அந்தப் பசையே எழுத்தைக் கரைத்துவிடும்.


கல்லெழுத்து (பதில்)

வெள்ளையடித்த கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், உளி, ஆசிட், மணல் வீச்சு எதுவும் வேண்டாம். கல்லில் எழுத்தின் ஆழம் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவிட்டுத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரியும். சிமெண்ட் கலவை பூசியிருந்தால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். பெயிண்ட் என்றால் தொல்லியல் துறையினரைக் கேட்டுச் செய்யுங்கள். கோயில் அறநிலையத் துறைக்குக் கீழே இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் அவர்களிடம்.

ஆனால் கல்லைத் தொடுவதற்கு முன்பே நூலகத்துக்குப் போங்கள். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வருகின்றன, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 1890 முதல். உங்கள் கோயிலை ஏற்கெனவே படியெடுத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேகமான வழி, ரங்காசாரியா 1919இல் வெளியிட்ட இடவாரிப் பட்டியல். மாவட்டம், வட்டம், ஊர் என்று அடுக்கியிருப்பார். அதில் இல்லையென்றால் அதற்குப் பிந்தைய ஆண்டறிக்கைகளைப் புரட்ட வேண்டும். பட்டியலிலோ ஆண்டறிக்கையிலோ "45 / 1923" போல ஓர் எண் கிடைத்தால் அதுதான் சாவி, அந்த எண்ணைச் சொல்லித்தான் மைப்படியை (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுத்த படி) கேட்க முடியும். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே விசாரணையைச் சென்னையிலிருந்தே தொடங்கலாம்.

பதிவாகாத கல் என்றால் முதலில் படம். இரவில், சாதாரண டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் பக்கவாட்டில் பிடித்து, ஒளி சாய்வாக விழும்படி 4 திசையிலிருந்தும் எடுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிவது இரவில் எழுத்தாக எழுந்து நிற்கும். எண்ணெய் தடவுவதும், மாவு, சாக்பீஸ் பூசுவதும் பழைய பழக்கம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாக்பீஸ் பூசினால் பூசுகிறவர் எதைப் படித்தாரோ அதுதான் படத்தில் விழும்.

மைப்படி எடுக்க மேப்லித்தோ தாள், தண்ணீர், அடிக்கும் பிரஷ், மை ஒற்றும் பஞ்சுப் பொதி வேண்டும். கல்லைக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே போனால் காற்று வெளியேறித் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு காத்திருக்க வேண்டும். தாள் பாதி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் விளக்குக் கரியும் கோந்தும் கலந்த மையைப் பொதியில் தொட்டு, ஒரு தகட்டில் ஒற்றி வடித்துவிட்டு, லேசாகத் தட்டுங்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரத்தில் அவசரப்பட்டால் மை பள்ளத்துக்குள் ஊறித் தாள் முழுக்கக் கறுப்பாகிவிடும், கல்லிலும் கறை. முழுக்கக் காயவிட்டால் தாள் கழன்று பறக்கும். வெயில் நேரத்தில் இந்தப் பதம் சில நிமிடம்தான் நிற்கும், விடியற்காலை நல்லது.

படிப்பதில் எங்கே தவறு வரும்? பழைய எழுத்தில் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடு இல்லை. ஒ, ஓ வேறுபாடும் இல்லை. 'ர'வும் துணைக்காலும் ஒரே உருவம். நடுவே கிரந்த எழுத்து வேறு கலந்து வரும். அடித்தளக் கல்வெட்டு பல கோயிலில் ஒரு பக்கத்தில் தொடங்கி மூலை திரும்பி அடுத்த பக்கம் ஓடும். ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் வாக்கியம் பாதியில் தொங்கும். திருப்பணியில் கல்லைப் பிரித்துக் கட்டியிருந்தால் வரிசையே மாறிக் கிடக்கும், தலைகீழாகக்கூட.

"கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு" என்று பார்த்ததும் அரசன் பெயரை எழுதிவிடாதீர்கள். பரகேசரி, ராசகேசரி என்பவை சோழர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சூடிக்கொண்ட பட்டம். மெய்க்கீர்த்தியோ (அரசன் புகழ் பாடும் முன்னுரை), எழுத்தமைதியோ (எழுத்தின் வடிவம்), வேறு குறிப்போ இல்லாமல் எந்தப் பரகேசரி என்று சொல்ல முடியாது. "10ஆம் நூற்றாண்டு எழுத்து, பரகேசரி ஒருவனின் 7ஆம் ஆண்டு" என்று எழுதினால் போதும். அது குறைவு ஆகாது.

கல்வெட்டே இல்லை என்றாலும் ஏரி மதகுப் பக்கம், அரசமரத்தடி, வயல் வரப்பு எல்லாம் பாருங்கள். பெரிய வயிறும் தளர்ந்த உடலுமாகப் பக்கத்தில் காக்கைக் கொடியோடு உட்கார்ந்திருக்கும் பெண் உருவத்தை இன்று வேறு அம்மன் பெயரில் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அது தவ்வை, அதாவது மூதேவி. பெரும்பாலும் பல்லவர் காலம் அல்லது சோழர் தொடக்க காலம். மேட்டு நிலத்தில் வட்டமாகக் கற்கள் கிடந்தால் கல்வட்டம், இரும்புக்கால ஈமச் சின்னம். செங்கல்பட்டுப் பகுதி முழுக்க உண்டு. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தோண்டாதீர்கள். மண்ணிலிருந்து பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.


பாலாறு_77

மிக்க நன்றி. கட்டில் ஒரு பக்கம் ஓரளவு படித்துவிட்டேன். "பசலி 1318", "நன்செய் 12 காணி 40 குழி" என்று இருக்கிறது. ஒரு குழி 144 சதுர அடி என்று இணையத்தில் பார்த்து, 12 காணியையும் குழியாக்கிக் கணக்குப் போட்டால் 4 ஏக்கர் சொச்சம்தான் வருகிறது. கோயில் நிலமே அதற்கு மேல் இருக்கும். எங்கே தப்பு?


கணக்கப்பிள்ளை

தப்பு குழியில். 144 சதுர அடி என்பது தஞ்சாவூர்க் குழி, 12 அடிக்கு 12 அடி. அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, வேலி சுமார் 6.6 ஏக்கர். உங்க பக்கம் குழி 24க்கு 24, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர். ஒரு காணிக்கு 24 மனை, மனை 2,400 சதுர அடி என்பது அதே கணக்குதான். இன்று பிளாட் போடுகிறவர்கள் சொல்லும் 'கிரவுண்ட்' வந்த வழி இது. ஆகவே உங்க 12 காணி 40 குழி என்பது 1,240 குழி, 16.4 ஏக்கர். நாலு மடங்கு வித்தியாசம்.

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு. அதற்கு 590 கூட்டுங்க. 1318 என்றால் 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. வெறும் 1908 என்று எழுதாமல் 1908-09 என்று எழுதுங்க. அறுவடை பெரும்பாலும் இரண்டாவது பாதியில்தான் விழும்.

எண்களில் ௰ என்பதை 'ய' என்று படித்துவிடுவார்கள், அது 10. ௧ 'க' ஆகாது, ௨ 'உ' ஆகாது, ௪ 'ச' ஆகாது. பழைய முறையில் 40 என்பதை ௪௰ என்று எழுதுவார்கள், சுழியம் கிடையாது. தனியாக 'வ' போட்டிருந்தால் கால். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௷ வரவு, ௶ பற்று. இந்த ஆறையும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கட்டில் பாதி பிடிபட்டுவிடும்.


கடைமடை (பதில்)

ஏரியைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கலையே. அந்தப் பக்கத்து ஊருக்கு வரலாறே ஏரிதானே!

கரைமேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, வரிசையாக எழுதிக்கிட்டே வாங்க: கரை நீளம், மதகு எத்தனை, ஒவ்வொரு மதகுக்கும் பேர், கலங்கல் (நிரம்பி வழியற இடம்) எங்கே, அலைகல் (அலை அரிக்காம கரையில் பதிச்ச கல்) எங்கிருந்து எதுவரைக்கும், வரத்துக்கால் (தண்ணி கொண்டுவர்ற கால்வாய்) எந்த ஏரியின் கலங்கலிலிருந்து வருது, இந்தக் கலங்கல் தண்ணி எந்த ஏரிக்குப் போகுது. அங்கே ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரி வழிஞ்சாத்தான் கீழ் ஏரிக்கு. ஆகவே மேல் ஊர், கீழ் ஊர் ரெண்டையும் விட்டுட்டு உங்க ஊரை மட்டும் எழுதினா அது பாதி வரலாறு. பழைய தகராறு எல்லாம் கலங்கல் உயரத்தில்தான் கிடக்கும். கலங்கல் மேலே மணல் மூட்டை அடுக்கினா நமக்கு ஒரு அடி தண்ணி கூடும், பின்பக்கம் நீர்ப்பிடிப்பில் இருக்கிறவன் நடவு முங்கும், கீழ் ஏரிக்கு வரவு தள்ளிப்போகும். அளவுக்கல் எங்கே நட்டிருக்குன்னு பாருங்க, அது இருந்த இடத்திலேயேதான் இருக்கான்னும் கேளுங்க.

மதகுக் கல்லைத் தண்ணி வத்தின மாசத்தில் போய்ப் பாருங்க. பழைய தூம்பில் (மதகில்) ரெண்டு கல் தூண், நடுவில் குறுக்குக் கல், கட்டையை இறக்கி அடைக்கிற ஓட்டை. அந்தத் தூணின் உள்பக்கத்தில் எழுத்து இருந்தா ஆச்சரியப்படாதீங்க. கோயிலைத் தேடுற ஆள் இதைத் தேடறதில்லை.

"எங்க ஏரி 600 ஏக்கர் மூணு போகம் பாயும்" மாதிரி வசனம் எல்லா ஊரிலும் உண்டு. புத்தகத்தில் போடறதுக்கு முன்னே கணக்குப் பாத்துடுங்க. ஒரு ஏக்கரில் ஒரு அடி தண்ணி நின்னா 43,560 கன அடி. நீர்ப்பரப்பு 100 ஏக்கர், சராசரி ஆழம் 5 அடின்னா 2 கோடியே 18 லட்சம் கன அடி. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு மொத்தமா 4 அடி தண்ணி வேணும்னு வெச்சா, ஒரு ரொப்புக்கு 125 ஏக்கர், ஆவியாகிறது, ஊறிப்போறது கழிச்சா இன்னும் கம்மி. மழையே வயலில் கொஞ்சம் கொடுக்கும், ஏரியும் பருவத்தில் ரெண்டு தரம் ரொம்பலாம், அதனால இதை 200 வரைக்கும் இழுக்கலாம். 600 வராது. ஆயக்கட்டு (ஏரித் தண்ணி பாயற நிலம்) ஏக்கர் எவ்வளவுன்னு பதிவேட்டில் இருக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல்னா நீர்வளத் துறை, கீழேன்னா ஊராட்சி ஒன்றியம். யார்கிட்ட கேக்கணும்னு அதிலேயே தெரிஞ்சிடும்.

நீர்க்கட்டி (வயலுக்குத் தண்ணி திறந்து விடறவர்) யார், எத்தனை பேர், எந்தக் குடும்பம், கூலி எப்படின்னு தனியா எழுதுங்க. பணமா, களத்தில் கதிர்க்கட்டா, ஏக்கருக்கு எத்தனை கட்டு? முறைப்பாசனம் எப்போ ஆரம்பிக்கும்: தண்ணி எந்தக் கல்லுக்குக் கீழே இறங்கினா முறை கட்டுவாங்க, மதகுப் பக்கத்துத் தலைமடைக்கு எத்தனை நாழி, கால்வாய்க் கடைசியில் இருக்கிற கடைமடைக்கு எத்தனை? ராத்திரி முறை யாருக்கு வருதுன்னு பாத்தா ஊரில் யார் கை ஓங்கியிருந்ததுன்னு ஒரு வரியில் தெரியும். பம்புசெட் வந்த வருஷத்தைக் குறிச்சுக்கோங்க. கிணறு வெச்சவனுக்கு ஏரி எதுக்கு? நீர்க்கட்டி வேலை ஆட்டம் கண்டது அங்கேதான்.

குடிமராமத்துன்னு (ஏரி, வாய்க்காலை ஊராரே செப்பனிடறது) 2017இல் அரசு திட்டம் வந்ததே, அந்தப் பேரை வெச்சு "பழங்காலத்தில் மக்கள் தாங்களாக முன்வந்து"ன்னு இனிக்க இனிக்க எழுதாதீங்க. 1858இல் முதலாம் சட்டமே கட்டாய உழைப்புச் சட்டம்தான்; வரலைன்னா அபராதம். அதுக்கு முன்னேயும் மண் சுமந்தது யாரு, கணக்கு எழுதினது யாருங்கிறது வேற வேற ஆள். பணத்தைப் பொறுத்தவரை மீன் குத்தகை, கரைமேல் பனை, புளி, கருவேலம் ஏலம், இதிலேருந்துதான் கரை செலவு போகும். ஏலக் கணக்கு எந்த வருஷத்தில் ஊர்ப் பொதுவிலிருந்து அரசுக்குப் போச்சுன்னு கேளுங்க.

கரை உடைஞ்ச வருஷங்களைத் தேடுங்க, காரணத்தோட. மேலே வழிஞ்சு உடைஞ்சதா, நண்டு வளை, எலி வளை வழியா ஊத்து எடுத்து உடைஞ்சதா, மதகுச் சுவர் ஓரம் அரிச்சுதா? உடைப்பை அடைச்ச இடத்தில் கரை கொஞ்சம் வளைஞ்சு போகும். கிராம வரைபடத்தில் அந்த வளைவே தெரியும்.


நாலுகால்மண்டபம் (பதில்)

பதிவேடு, கல், ஏரி எல்லாம் சரி. ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடலாம்.

வயதானவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்காதீர்கள். நங்கூரம் போட்டுக் கேளுங்கள். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர். ஐ.ஆர்.எட்டு நெல் வந்தது 1966ஐ ஒட்டி. கர்ணம் வேலை போனது 1980. சத்துணவு 1982 ஜூலை. "சத்துணவு வந்தபோது ஊரில் தார் ரோடு இருந்ததா?" என்று கேட்டால் பதில் வரும். தமிழ் வருஷப் பெயர் சொன்னால் 60 வருஷச் சுழற்சியைச் சரிபாருங்கள். தாது வருஷம் என்றால் 1876ஆ, 1936ஆ? பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி சொல்வது 1876-78 பஞ்சம். அதை அவர் பார்த்திருக்க முடியாது, அவருடைய பாட்டி சொன்னது. அப்படியே எழுதுங்கள், "நேரில் கண்டவர்" என்று போட்டுவிடாதீர்கள்.

திருவிழா வரி நோட்டு கையில் சிக்கினால் விடாதீர்கள். தலைக்கட்டு வரி எழுதிய நோட்டில் ஒவ்வொரு வருஷமும் எத்தனை தலைக்கட்டு, யார் புதிதாகச் சேர்ந்தது, யார் பெயருக்கு எதிரே "சென்னை", "வெளியூர்" என்று எழுதியிருக்கிறது என்று பார்த்தால் ஊர் விட்டுப் போன கதை வருஷவாரியாகக் கிடைக்கும். மக்கள்தொகைக் கணக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறைதான், நோட்டு வருஷா வருஷம். வரி வாங்காமல் விட்ட தெரு எது என்பதும் அந்த நோட்டிலேயே இருக்கும்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும்போது யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று நாள்வாரியாகப் பட்டியல் போடுங்கள். காப்பு கட்டுவது யார், அர்ச்சுனன் தபசுக்கு மரம் யார் தோப்பிலிருந்து, படுகளத்தில் துரியோதனன் உருவத்துக்கு மண் எங்கே எடுப்பது, பிடிப்பது யார், அம்மன் கூந்தல் முடிக்கப் பூ யார் வீட்டுப் பூ, தீமிதிக்கு விறகு எத்தனை வண்டி, எந்தத் தெரு, மேளம் யார், தீக்குழியில் முதலில் இறங்குவது யார். 10 நாள், 18 நாள் என்று ஊருக்கு ஊர் மாறும். கதையைப் புத்தகத்தில் விளக்க வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். இந்தப் பட்டியல்தான் வேறெங்கும் கிடைக்காது.

முதல் மரியாதை விஷயத்தில் ஜாக்கிரதை. "இன்னார் குடும்பத்துக்கே உரிமை" என்று அச்சில் போட்டால் அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தை நகலெடுத்து யாராவது நீதிமன்றத்தில் கொடுப்பார்கள். இரண்டு தரப்பும் சொல்வதை "மேலத்தெருவினர் சொல்வது, கீழத்தெருவினர் சொல்வது" என்று அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய வழக்கின் தீர்ப்பு நகல் இருந்தால் அதைவிடத் தெளிவான வரலாறு கிடையாது, சாட்சிகள் ஊரைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பார்கள்.

காலனியைக் கேள்வியில் ஒரு வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஊர்க்கூட்டம் என்று சொன்னீர்களே, அதில் அவர்கள் இருந்தார்களா? வயலில் நாற்றுப் பிடுங்கியதும், கரைக்கு மண் சுமந்ததும், பறை அடித்ததும், இரவில் தண்ணீர் காவல் இருந்ததும் அங்கேயிருந்துதான். ஒரு அத்தியாயம் ஒதுக்கித் தருவதில் பயன் இல்லை, ஏரி அத்தியாயத்திலும் திருவிழா அத்தியாயத்திலும் அவர்கள் வாயால் சொன்னது வர வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் தனி இடமே உண்டு. ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் தலித் மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை வந்தது. பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ குறிப்பு உள்ள சர்வே எண்களைத் தேடுங்கள். அந்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைப் புத்தகத்தில் போட ஊர் சம்மதிக்குமா என்பது வேறு விஷயம். சர்வே எண்ணையும் பரப்பையும் போட யார் சம்மதமும் வேண்டாம்.

பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால் பெயர்களை வெளியிடாதீர்கள். எந்த வருஷம் எந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர், முதல் பெண் பிள்ளை சேர்ந்த வருஷம், தகப்பன் தொழில் என்ற அளவில் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு.


கல்லெழுத்து

பார்னார்டு கணக்கைப் பற்றி ஒரு திருத்தம். அது 1774 வரையிலான படம். 1780இல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது செங்கல்பட்டுச் சீமையில் எத்தனையோ ஊர் காலியாகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் புள்ளலூர்ப் போர் நடந்ததே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான். பிறகு 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் காலத்தில்தான் பல இடத்தில் குடிகளை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். ஆகவே 1770களில் இருந்த வீடுகளின் வாரிசுதான் இன்றைய தெரு என்று கோடு இழுக்க முடியாது. இன்றைய குடும்பங்களின் குலதெய்வம் எந்த ஊரில் என்று கேட்டுப் பாருங்கள். 20, 30 மைல் தள்ளி இருந்தால் அவர்கள் வந்து குடியேறியவர்களாக இருக்கலாம். இனாம் ரிஜிஸ்டரிலோ பழைய பத்திரத்திலோ அவர்கள் பெயர் முதன்முதலாக எப்போது வருகிறது என்று வைத்துப் பாருங்கள்.


பாலாறு_77

80 பக்கம் போதாது போலிருக்கிறது. சோழனை 2 பக்கத்தோடு நிறுத்திவிட்டு ஏரிக்கு 25 பக்கம் என்று பிரித்துக்கொள்கிறேன். காலனிப் பெரியவர்களிடம் இந்த ஞாயிறு பேசப்போகிறோம். மதகுத் தூணைப் பார்க்கச் சித்திரை வரை காத்திருக்க வேண்டும், இப்போது தண்ணீர் இருக்கிறது.


கணக்கப்பிள்ளை

அதுவரை சார்பதிவாளர் பக்கம் போய் வாங்க. இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு நிலத்தின் பத்திரப் பதிவுகளின் பட்டியல்) எல்லாப் பழைய வருஷத்துக்கும் கிடைக்காது. அதற்கு முந்தைய பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பழைய பதிவேட்டில் தேடி நகல் வாங்க வேண்டும், வீட்டுப் பெட்டிகளிலும் கேட்டுப் பாருங்க. ஒவ்வொன்றிலும் நான்கு எல்லை எழுதியிருக்கும். "பள்ளத்து மடைக்கு வடக்கு, குயவன் மேட்டுக்குத் தெற்கு" என்று வரும் வயல்பெயர்களையெல்லாம் எடுத்துப் பழைய கிராம வரைபடத்தில் ஏற்றுங்க. அந்த வரைபடம் 16 அங்குலத்துக்கு ஒரு மைல் அளவு, அப்படியே மடிப்புத் தாளாகப் புத்தகத்தின் பின்னட்டையில் வைக்கலாம். சர்வே எண் வந்த பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள், அவர்களைச் சித்திரை வரை காக்க வைக்காதீங்க.

அச்சானதும் ஒரு படியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பிவிடுங்க. நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954 என்று ஒன்று இருக்கிறது.